பாலத்தை மூட ஒரு கையெழுத்து

அறை வாசலில் 'நகரசபைத் தலைவி' என்று பலகை தொங்கினாலும் ஊருக்கு அவர் தையல்காரம்மாதான். இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளிச் சீருடை தைத்தவர். தெருவிளக்குக்காக ஓயாமல் மனுக் கொடுத்து, 'இந்த அம்மாவையே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் என்ன?' என்று ஊரார் நினைத்ததால் பதவிக்கு வந்தவர்.

மூன்று மாதங்களுக்கு முன்பு தலைநகரிலிருந்து ஆணை வந்தது. சாலை, பாலம், குடிநீர் பற்றிய முடிவுகளை இனி நகரசபைகளே எடுக்கலாம். அன்று அலுவலகமே கைதட்டியது.

ஆற்றுப்பாலத்தின் மூன்றாம் தூணில் விரிசல் கண்டிருப்பதாகப் பொறியாளர் எழுதினார். தலைமை எழுத்தரோ முப்பது ஆண்டுப் பழக்கத்தில், 'மேலிடத்து உத்தரவுக்கு' என்று குறித்துக் கோப்பைத் தலைநகருக்கு அனுப்பிவிட்டார். தையல்காரம்மாவும் படித்துப் பார்த்துத்தான் ஒப்பமிட்டிருந்தார். பதினோரு நாள் கழித்துக் கோப்பு ஒற்றை வரியோடு திரும்பியது: 'அதிகாரம் தங்களுடையது.' அத்தனை நாளும் பாலத்தின்மேல் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. தையல்காரம்மா உடனே பொறியாளரை வரவழைத்தார்.

“விழுந்துடுமா சார்?” என்று பொறியாளரைக் கேட்டார்.

“இன்னிக்கும் விழலாம், ரெண்டு வருஷம் நிக்கவும் நிக்கலாம். ஆத்துல தண்ணி வடிஞ்சாத்தான் அடியில பார்க்க முடியும்மா.”

“உங்க வீடு அக்கரைதானே? இன்னிக்கு எப்படி வந்தீங்க?”

பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். “சுத்தித்தாம்மா வந்தேன்.”

“எத்தனை நாளா?”

“விரிசலைப் பார்த்த நாள்லேர்ந்து.”

தலைமை எழுத்தர் குறுக்கிட்டார். “மூடினா அக்கரைக்காரங்க நம்மளக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்கம்மா. ஆஸ்பத்திரி இந்தப் பக்கம்ல இருக்கு! இன்னொரு தடவை மேல கேட்டுப் பார்ப்போமே?”

“மேல யாரு சார் இருக்கா? மொட்டைமாடியில தண்ணித் தொட்டிதான் இருக்கு.”

பாலத்தை மூடும் ஆணையில் தையல்காரம்மா கையெழுத்திட்டார். அரைமணி நேரத்தில் பாலத்தின் இரு முனையிலும் தடுப்பு வைத்தாயிற்று என்று தகவல் வந்தது. அதன் பிறகுதான் அக்கரையில் வாழும் மகளைத் தொலைபேசியில் அழைத்தார். மகளுக்கு நிறைமாதம்.

“பாலத்தை எந்தப் புண்ணியவான் மூடினான்?” என்று மகள் எடுத்த எடுப்பிலேயே கத்தினாள்.

“நான்தாண்டி.”

மகளின் குரல் தணிந்தது. “சுத்தி வர ஒன்றரை மணி நேரம் ஆகுமேம்மா. நடுவழியில வலி வந்துட்டா?”

“இப்பவே கிளம்பி இங்க வந்துடு.”

“நான் வந்துடுவேன். எங்க தெருவுலயே இன்னும் ரெண்டு பேர் நிறைமாசமா இருக்காங்களே, அவங்க எந்த அம்மா வீட்டுக்குப் போவாங்க?”

தையல்காரம்மா தொலைபேசியை வைத்துவிட்டு எழுத்தரை அழைத்தார்.

“நகரசபை ஆம்புலன்ஸ் இன்னிலேர்ந்து அக்கரையிலேயே நிக்கட்டும். எழுதுங்க சார்.”

“அதுக்கு யார்கிட்ட...” என்று தொடங்கிய எழுத்தர், தாமாகவே நிறுத்திக்கொண்டு காகிதத்தை எடுத்தார்.

தையல்காரம்மா இரண்டாம் கையெழுத்தைப் போட்டார். அக்கரையில் நாலாயிரம் பேர்; இருப்பதோ ஒரே வண்டி. அது போதுமா என்று அவர் யாரைக் கேட்பது?