கிளட்சை எரித்தது யார்?

போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, உலு திராமில் ஒரு கார் வொர்க்‌ஷாப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் கார் லிஃப்டில் தலைக்கு மேலே நின்றது. அதன் வயிற்றிலிருந்து கியர்பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தார் மெக்கானிக் மணியம்.

"அக்கா, முன்னால ஏர்கோன் ரூம் இருக்கு. அங்க உக்காருங்க லா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிற காருக்குள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பழைய வாசகர்களுக்கு இந்தக் காரைத் தெரியும். ஆறு கியர் மேனுவல், ஜப்பான் எஞ்சின், மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தொடப்போகிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்னமும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஐம்பத்திரண்டு வயதில் உங்களுக்கு எதற்கு இந்த ரேஸ் கார் என்று கேட்டு எழுதியவர்களுக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன்... எனக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. சனிக்கிழமை மட்டும் கார் என் வீட்டுக்காரர் குணாவுக்கு. மற்ற நாளெல்லாம் எனக்கு — எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் வேலை, தினமும் நடுவிலுள்ள கடல் பாலம் தாண்டியாக வேண்டும். ஒரு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, குணா பண்டார் தெங்காராவுக்குப் போய், தனியாக இருக்கும் தன் அக்காவை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனார். வழக்கமாகச் செய்வதுதான். திரும்பும் வழியில் ஒரு மேட்டில் எஞ்சின் கத்துகிறது, கார் ஏறவில்லை. கருகின வாடை வேறு. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, மெல்ல உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

கிளட்ச் போய்விட்டது. புது பாகங்கள் வந்து சேர நான்கு வாரம் ஆகும், அதுவரை மெதுவாக ஓட்டுங்கள் என்றார் மணியம்.

நான் என்ன செய்தேன்? உட்கார்ந்து இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில் எழுதினேன். 'கிளட்ச் வறுவல் செய்வது எப்படி?' என்று தலைப்பு. ஓவியர் தன் பங்குக்கு, குணா ஏப்ரன் கட்டிக்கொண்டு வாணலியில் கிளட்ச் தட்டைப் புரட்டுவதுபோல் படம் போட்டார். விழுந்து விழுந்து சிரித்ததாக உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். கோயிலில் ஒருவர் குணாவை நிறுத்தி, "அண்ணே, உப்பு காரமெல்லாம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டார். குணாவும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் அதற்கப்புறம் அவர் கார் சாவியைத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். போகும்போதும் மழை, வரும்போதும் மழை. நாத்தனாருக்கு முட்டி வலி, மோட்டாரில் ஏற முடியாது. ஆக, அவருக்கு மார்க்கெட் கிடையாது. தம்பி வாங்கி வந்து கொடுப்பதுதான். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். "மெதுவா ஓட்டுனா போகும்ங்க, கார எடுத்துட்டுப் போங்களேன்" என்றேன்.

"வேணாம். திரும்ப ஏதாச்சும் ஆச்சுன்னா..." என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சரி, வொர்க்‌ஷாப்புக்கு வருவோம்.

கியர்பாக்ஸ் இறங்கியதும் எட்டிப் பார்த்தேன். விஷயம் ரொம்ப எளிது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு கனத்த இரும்புச் சக்கரம் — அது ஃப்ளைவீல். அதன்மேல் தோசை அகலத்துக்கு ஒரு தட்டை ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தட்டுதான் கிளட்ச். பிடித்தால் கார் ஓடும், பெடலை மிதித்தால் பிடி விடும். மூன்று லட்சம் கிலோமீட்டர் இந்தப் பிடியை நம்பியா ஓடினோம் என்று ஆச்சரியமாக இருந்தது.

மணியம் மூன்றையும் கழற்றி தரையில் விரித்த பேப்பரில் வைத்தார். குனிந்து பார்த்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"என்ன மணியம், ஏதும் பெரிய பிரச்சினையா?"

"இல்லக்கா. நீங்க எழுதுனத என் வைஃப் சத்தமா படிச்சுக் காட்டுனாங்க. நாங்கெல்லாம் நல்லா சிரிச்சோம். ஆனா..."

"ஆனா?"

"இது அண்ணன் பண்ணது இல்லக்கா."

ஃப்ளைவீலை என் பக்கம் திருப்பினார். பளபளவென்று இருக்க வேண்டிய முகத்தில் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. அதற்கு நடுவே தலைமுடி மாதிரி வெடிப்புகள். "ஒரு நாள் சூட்டுல இவ்வளோ வெடிப்பு வராது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வருஷக்கணக்கா நடந்திருக்கு. மேல சீவிட்டுத் திரும்பப் போடலாம்னு நெனச்சேன். முடியாது, மாத்தித்தான் ஆகணும்."

அடுத்து அந்த ஸ்பிரிங். நடுவில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலின் நுனியும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. "இங்க பாருங்க. எடது கால பெடல்லேர்ந்து எடுக்காதவங்க வண்டியில இப்படித்தான் தேயும். தெனம் பாலம் தாண்டுற வண்டி எத்தனையோ தொறந்திருக்கேன், எல்லாத்துலயும் இதே அடையாளம்தான். ஜாம்ல நிக்கறப்ப நீங்க நியூட்ரல் போடுவீங்களாக்கா?"

நியூட்ரலா? பாலத்திலா?

பாலம் தாண்டுகிறவர்களுக்குத் தெரியும். அங்கே முன்னால் இருக்கும் காருக்கும் நமக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டால் போதும், பக்கத்து லேன்காரர் மூக்கை நுழைத்துவிடுவார். அதனால் நியூட்ரல் கிடையாது, ஹேண்ட் பிரேக் கிடையாது. முதல் கியர், பாதி மிதித்த கிளட்ச். ஓர் அடி நகர்ந்தால் நாமும் ஓர் அடி. பன்னிரண்டு வருஷத்தில் எனக்கு முன்னால் ஒருத்தரும் நுழைந்ததில்லை. இதை இந்தப் பத்தியிலேயே இரண்டு முறை பெருமையாக எழுதியிருக்கிறேன்.

"அப்ப அண்ணன் ஓட்டும்போது ஏன் போச்சு?" என்று கேட்டேன். வக்கீல் மாதிரி கடைசி முயற்சி.

"தேஞ்சது தேஞ்சு போய் கடைசி பிடியில நின்னுச்சு. அன்னைக்கு சீட்டுல அண்ணன் இருந்தாரு. அவ்வளோதான் லா."

எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அது நடப்பதற்கு மூன்று மாதம் முன்னாலேயே குணா சொன்னார், "கிளட்ச் ரொம்ப மேல வந்து பிடிக்குது, தேஞ்சிருக்கும் போல, என்னன்னு பாரு" என்று. நான் என்ன பதில் சொன்னேன்? "ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு எங்க வேணாலும் பிடிக்கும்." மணியம் முன்னால் உட்கார்ந்திருக்கவே வெட்கமாகப் போய்விட்டது.

நம் வீடுகளில் ஒரு பொருள் உடைந்தால் நாம் என்ன கேட்கிறோம்? 'யார் கடைசியாகத் தொட்டது?' மிக்ஸி, குழாய், ரிமோட்... எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். தினமும் தேய்த்தவர் தப்பித்துவிடுகிறார். அன்றைக்குப் பார்த்துத் தொட்டவர் மாட்டிக்கொள்கிறார். தேய்த்தவர் கையில் பேனாவும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

சாயங்காலம் புது கிளட்ச், புது ஃப்ளைவீலோடு கார் கீழே இறங்கியது. சாவியைக் கொடுக்கும்போது மணியம் தயங்கினார். "அக்கா, புது தட்டு படியற வரைக்கும் மூணு வாரமாவது பதமா ஓட்டணும். பாலம் பக்கமே போகாதீங்க. தப்பா நெனைக்காதீங்க... அண்ணன்கிட்ட குடுத்துடுங்களேன்."

பழைய ஃப்ளைவீலை பேப்பரில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு மேசையில் வைத்து, மணியம் சொன்னதை ஒன்று விடாமல் குணாவிடம் சொன்னேன். அவர் அந்தக் கத்தரிப்பூ நிறத் திட்டுகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இதை நான் அதிகம் சொன்னதில்லை.

"வீட்டுல சொன்னா எப்படி? நீ ஊருக்கே இல்ல சொன்ன?"

"ஊருக்கே சொல்லிடறேன்."

"ஓரத்துல பொடி எழுத்துல, வருந்துகிறோம்னு போடுவாங்களே... அப்படியா?"

"இல்லங்க. அதே பக்கம், அதே அளவு."

ஃப்ளைவீலைத் திரும்பப் பேப்பரில் சுற்றினார். "அப்ப அந்தப் படம்?"

இந்தச் சனிக்கிழமை குணா சாவியை எடுத்தார். பண்டார் தெங்காரா போய் அக்காவை முன் சீட்டில் ஏற்றினார். நான் பின் சீட்டுக்குப் போனேன். மார்க்கெட் வாசலில் நீள வரிசை. குணா நியூட்ரல் போட்டார், ஹேண்ட் பிரேக் போட்டார், இடது காலை எடுத்து ஓரமாக வைத்தார். முன்னால் இருந்த இடைவெளியில் ஒரு வேன் நுழைந்தது. எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. கடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாத்தனார் திரும்பிப் பார்த்து, "தம்பி ஓட்டுனா தூக்கமா வருது, இல்ல?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

மூன்று வாரத்துக்கு எனக்கு பஸ்தான். இதைக்கூடப் பாலத்தில், நகராத பஸ்ஸில், நின்றுகொண்டே போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இடது கால் மட்டும் சும்மா இருக்காமல் தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது.

ஓவியரிடம் பேசிவிட்டேன். மேலே பாருங்கள், அதே வாணலி, அதே கிளட்ச் தட்டு... ஏப்ரன் மட்டும் எனக்குக் கொஞ்சம் டைட்.