கண்ணாடி இலைகளுக்குக் கீழே

"அத கீழ இறக்குங்கண்ணா."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே ஜெகதீசன் அண்ணன் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன். நம்பினால் நம்புங்கள். விழுப்புரத்தில், பட்டப்பகலில், என் கண்ணெதிரே நடந்தது இது.

புது நூலகத்தின் நடு ஹாலில், கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்குகிறது அந்தச் சிற்பம். முழுக்கக் கண்ணாடி இலைகள். வருகிறவர்கள் எல்லாம் செல்ஃபி எடுப்பார்கள். அதை மாட்டிய கம்பெனியில் நான் பராமரிப்பு இன்ஜினியர். எங்கள் வீட்டின் முதல் டிகிரி. வேலை வாங்கித் தந்தவரே அங்கே சூப்பர்வைசராக இருக்கும் எங்கள் கெடார் ஊர்க்காரர் ஜெகதீசன் அண்ணன்தான். கூடப் பிறந்தவர் மாதிரி நம்பினேன்.

காற்றே இல்லாதபோதும் இலைகள் மோதிக்கொள்ளும். டிங்... டிங்...

தரையில் ஈரம். கூரை ஏறிப் பார்த்தேன், ஒழுகவில்லை. ஒரு சொட்டு என் கையில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

பெருக்கும் லட்சுமியம்மாள் சிற்பத்தின் அடியில் போகும்போது மட்டும் செருப்பைக் கழற்றிவிடுவார். ஏன் என்றால், "பழக்கம்மா" என்பார்.

அன்று மதியம் கரண்ட் இல்லை. நான் இறக்கச் சொன்னதும் அண்ணன் எரிந்து விழுந்தார்.

"படிச்ச பொண்ணு, பேயி கீயின்னு சொல்லிக்கினு... பேஜாரு பண்ணாத!"

பேய் என்று நான் சொல்லவே இல்லை.

திட்டிக்கொண்டே சிற்பத்தின் அடியில் வந்து நின்றார்.

ஷூவைக் கழற்றிவிட்டு.

டிங்...

மேலிருந்து ஒரு குரல். "அண்ணா... பெல்ட்டு..."

அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"பெல்ட்டெல்லாம் இப்ப வராது. ஜல்தியா முடி!"

பிறகுதான் முகம் வெளுத்தது.

மேலே யாருமில்லை.

கண்ணாடியில் மட்டும்... தொங்கும் இரண்டு கால்கள்.

எல்லா இலையிலும்.

லட்சுமியம்மாள்தான் அழுதுகொண்டே சொன்னார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், கடைசி இலையை மாட்ட ஏறிய தொழிலாளி வல்லரசு, இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட் கேட்டானாம். கீழே நின்ற அண்ணன் இதே வார்த்தைகளைத்தான் சொன்னாராம். விழுந்து செத்தவனின் உடலை, பைக் விபத்து என்று சொல்லித் திண்டிவனத்தில் அவன் மனைவி புனிதாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் அண்ணன்.

"திண்டிவனம். புனிதா வூட்டுக்கு."

"நான் வாங்கிக் குடுத்த வேலைம்மா இது!"

ஐடி கார்டைக் கழற்றி அவர் ஷூவுக்குள் போட்டேன். நடந்தேன்.

வாசல் சுட்டபோதுதான் தெரிந்தது. என் காலிலும் செருப்பு இல்லை. எப்போது கழற்றினேன்...?

திரும்பிப் போகவில்லை.