புறங்கை உப்பு

ஆரோவில்லில் வேலை பார்க்கும் மகன் இளஞ்சிவப்பு உப்புப் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தான்.

“இது பிரஷருக்கு ஒண்ணும் பண்ணாதும்மா. பாக்கெட்லயே போட்டிருக்கான்.”

உப்பில்லாக் கஞ்சி எனக்கும் அலுத்துவிட்டது. ஒரு கல்லை நாக்கில் வைத்ததும், உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிய அப்பா நினைவுக்கு வந்தார்.

அவருக்கும் பிரஷர்தான். காலெல்லாம் உப்புப் பூத்து வீடு வருவார். கஞ்சியில் அம்மா உப்புப் போடமாட்டாள். ஒருநாள் அவர் புறங்கையை நக்குவதைப் பார்த்துவிட்டாள்.

“என்னய்யா பண்ற?”

“இது அளத்து உப்பு இல்லடி, என் வேர்வை. டாக்டர் இத சொல்லல.”

அம்மா சிரிக்கவில்லை. ஈரத்துணியால் அந்தக் கையைத் துடைத்துவிட்டாள். மறுவருசமே ஆண்டவர் அப்பாவை அழைத்துக்கொண்டார்.

“எப்படிம்மா இருக்குது?” என்றான் மகன்.

“உப்பாத்தான்டா இருக்குது.”

பாக்கெட்டை மடித்து அவனிடமே கொடுத்தேன். சிலுவை போட்டுக்கொண்டு, கஞ்சியை அப்படியே குடித்தேன்.