ஐந்தாம் மாடியில் இராக்கம்மா

இராக்கம்மாவின் கை தேயிலைக் கொழுந்தில் இருக்கும். கண் எதிர்மலையில் இருக்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கை நிறைந்ததும் முதுகுக் கூடைக்குள் வீசுகிறவள் ஒரு தரம்கூடச் செடியைக் குனிந்து பார்ப்பதில்லை. உற்று உற்றுப் பார்த்துக் கிள்ளுகிறவர்கள் கூடையில் முற்றிய இலை கிடக்கும். இவள் கூடையில் கிடக்காது. கணக்கப்பிள்ளை பின்னாலிருந்து, "ஏய், எங்க பராக்குப் பாக்குற?" என்று அதட்டினால், "கை பாத்துக்கும்ங்க, அதுக்கு நான் எதுக்குங்க?" என்பாள். அதைச் சொல்லும்போதும் திரும்ப மாட்டாள்.

ஆள் குள்ளம். சின்னப்பாறைத் தோட்டத்துப் பெண்களில் அவளைவிடக் குள்ளமானவள் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டவோ என்னவோ, உயரமாக எதைக் கண்டாலும் ஏறிவிட வேண்டும் அவளுக்கு. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து மலை பிரித்துக் கொடுக்கும்போது மற்றவர்கள் சாலையோரத்து நிரைக்கு முண்டியடிப்பார்கள். இவள் உச்சி நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். மாரியம்மன் திருவிழாவில் சாமி வரும்போது இவளைத் தேடினால் தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் கூரைமேல் பார்க்க வேண்டும். இவளுடைய கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது, மணப்பெண்ணைப் பலாமரத்திலிருந்து இறக்கித்தான் மணையில் உட்கார வைத்தார்களாம். கேட்டால் அவள் மறுப்பதில்லை. "பலா இல்லீங்க, கொய்யா" என்று திருத்துவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ரெங்கசாமி. செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்தால் தோட்டத்தில் அவனுக்கு நிகர் இல்லை. ஆனால் பெஞ்சின்மேல் ஏறி நின்றால் தலை சுற்றும். பரணிலிருந்து பானை எடுக்க வேண்டுமென்றாலும் பெண்டாட்டியைத்தான் கூப்பிடுவான். "மலநாட்டுல பொறந்திருக்க வேண்டிய ஆளா நீங்க?" என்று அவள் கேட்டால், "நான் எங்க பொறந்தேன், கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தாங்க" என்பான். கப்பலிலும் அவன் கண்ணைத் திறக்கவில்லை என்று கேள்வி.

இராக்கம்மாவின் உயரப் பைத்தியம் கடல் தாண்டி வருவதற்கு முன்னால், சின்ன வயதில், துறையூர்ப் பக்கத்துச் சோளக் காட்டில் பிடித்தது. கதிர் முற்றும் காலத்தில் அவளும் தங்கை பூவம்மாவும் கிளி ஓட்டப் போவார்கள். அக்காள் பரண்மேல் ஏறிவிடுவாள். தங்கைக்கு ஏறப் பயம், கீழேயே நிற்பாள். இருவரும் கையிலிருக்கும் துணியைத் தலைக்குமேல் சுழற்றுவார்கள். சும்மா ஆட்டினால் கிளி நகராது, சுழற்றினால்தான் எழும்பும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தூரத்து நிரையில் இருப்பவளைக் கூப்பிட வேண்டுமென்றால் மற்றவர்கள் கையை வீசுவார்கள். இராக்கம்மா தலைத்துணியை உருவிச் சுற்றுகிற சுற்றில் பக்கத்தில் நிற்பவள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவாள்.

பதுளைக்கு ரயில் வந்த காலத்தில்தான் சின்னப்பாறையில் புதிய ஸ்டோர் எழும்பியது. ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. மாடிக்குமேல் மாடியாக ஐந்து மாடி, சுற்றிலும் ஜன்னல், தலையில் பளபளக்கும் தகரம். பதுளை டவுனிலேயே இவ்வளவு உயரத்துக்கு ஒன்றும் இல்லை என்று தோட்டத்து ஜனங்கள் தாங்களே கட்டியது போலப் பெருமை பேசினார்கள். இராக்கம்மா அதைப் பார்த்த அன்று சோறு தின்னவில்லை.

ஆனால் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தோடு சரி. அங்கே கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். கொழுந்து கயிற்றில் ஏறி மேல்மாடிக்குப் போகும். அங்கே சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுவார்கள். கயிறு ஏறுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். "நான் கிள்ளுன கொழுந்து மேல போகுது. நான் மட்டும் கீழ நிக்கிறேன், பாருங்க இந்த அநியாயத்த!"

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் விலக்கு. ஆயுத பூசையன்று எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, சுண்டலும் பொரியும் கொடுத்த பிறகு, லயத்து ஜனங்கள் எல்லா மாடிக்கும் ஏறிப் பார்க்கலாம் என்று துரை உத்தரவு கொடுத்திருந்தார். அந்த முதல் பூசைக்காக இராக்கம்மா காத்திருந்ததற்கு உயர ஆசை மட்டும் காரணம் இல்லை.

பூவம்மாவை எதிர்மலையிலிருக்கும் கருங்காட்டுத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. கண்ணுக்கு முன்னால் இருக்கிற மலைதான். ஆனால் கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு தோட்டத்துப் பெரிய கங்காணிகளுக்கும் ஆள் சேர்ப்பதில் தகராறு முற்றியது. இங்கிருந்து ஒருத்தி அங்கே போனால் ஆள் கலைக்கப் போகிறாள் என்பார்கள்; அங்கிருந்து ஒருத்தி இங்கே வந்தால் ஓடி வந்துவிட்டாள் என்பார்கள். எல்லையில் காவல்காரன் கம்போடு நின்றான். அக்காளும் தங்கையும் முகம் பார்த்து மூன்று வருஷம் ஆயிற்று. போன மாதம் ஒரு செய்தி வந்தது: பூவம்மாவுக்குக் கடும் காய்ச்சல், பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று. திரும்பி வந்தாளா, பிழைத்தாளா, ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்துதான் இராக்கம்மாவின் கண் எதிர்மலையை விட்டு அகலாமல் இருந்தது. ஆனால் கொழுந்து நிரையிலிருந்து பார்த்தால் உச்சி மட்டுமே தெரியும். கருங்காட்டு லயங்களை நடுவிலிருக்கும் மேடு மறைத்தது. மேட்டைத் தாண்டிப் பார்க்க ஐந்தாம் மாடி ஒன்றால்தான் முடியும்.

இடையில் போய்வர ஒரே மனிதர் ஹுமைத் நானா. துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிறவர். அவரை எந்தக் காவல்காரனும் தடுப்பதில்லை. இராக்கம்மா அவரிடம் சொல்லியனுப்பினாள்: ஆயுத பூசையன்று உச்சிப்பொழுதில் பூவம்மா லயத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறிச் செகப்புத் துணி காட்டட்டும், நான் மாடியிலிருந்து பார்க்கிறேன்.

அடுத்த வாரம் வந்தவர், "சொல்லி அனுப்பியாச்சி தங்கச்சி. அல்லாட காவல்ல நல்லா ஈக்கிறாவாம்" என்றார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா நானா?"

"லயத்துப் பொம்பளைங்கள்ட்ட நான் சொன்ன. அவங்க சொல்லுவாங்க. நீங்க மனசப் போட்டு அலட்டிக்க வேணாம்."

ஹுமைத் நானா தம் துணிகளைப் பற்றியும் இதே குரலில்தான் சாயம் போகாது என்பார். முதல் துவைப்பிலேயே வாய்க்கால் சிவந்து ஓடும். ஆகவே இராக்கம்மாவுக்கு நெஞ்சு ஆறவில்லை.

பூசை நாள் வந்தது. ஏணிப்படியின் அடியில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் வைரவநாதன் நின்றுகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். புதுச் சால்வையைத் தலைப்பாகையாகக் கட்டி, நுனியைத் தோளில் தொங்கவிட்டு, மாப்பிள்ளை போல இருந்தார். மேலே போகிற ஒவ்வொருவருக்கும் உபதேசம் செய்தார். "மெல்ல மெல்லப் போங்கோ. ஒண்டுக்கும் கை வைக்கப்படாது. தட்டிலை சாயப்படாது. ஏதும் உடைஞ்சால் துரைக்கு நான்தான் பதில் சொல்ல வேணும்."

இராக்கம்மா கல்யாணத்துச் சேலை உடுத்தியிருந்தாள். தங்கைக்குப் பதில் காட்டச் சிவப்புத் துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். இரண்டாம் மாடி தாண்டுவதற்குள் ரெங்கசாமி அதைப் பிடுங்கித் தன் கண்ணைக் கட்டிக்கொண்டான். "எனக்குப் படி தெரிய வேணாம் புள்ள. நீ இழு, நான் வர்றேன்." மச்சினி முகம் அவனுக்கும் முக்கியம், வராமலும் இருக்க முடியவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவன், ஐந்தாம் மாடியில் கைக்கு அகப்பட்ட முதல் தூணைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஐந்தாம் மாடியில் கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. ஏறி வந்த மூச்சிரைப்பும், வாடிய கொழுந்தின் பச்சை வாசனையும், காலடியில் லேசாக ஆடும் பலகையும் சேர்ந்து எல்லோருக்கும் கள் குடித்த மாதிரி ஆகிவிட்டது. "அடியே, நம்ம லயம் தீப்பெட்டி கணக்கா இருக்கு!" "அந்தா ரயிலு, தெமோதரைக்குப் போவுது!" "அந்தா பதுளை!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். யாரோ கொழும்பு தெரிகிறது என்றார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ராமேஸ்வரமே தெரிந்துவிட்டது; நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இராக்கம்மா ஜன்னலோரம் போய்க் கால் விரலை ஊன்றி எக்கினாள். இத்தனை நாள் ஆசைப்பட்ட உயரம். உடம்பெல்லாம் சிலிர்த்தது, காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. ஆனால் எதிர்மலையில் வெறும் மூட்டம். உச்சிப்பொழுது வந்து கடந்தும் பனி விலகவில்லை. தூணடியிலிருந்து ரெங்கசாமி, "தெரியுதா? பூவு தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

திடீரென்று காற்று ஒரு வீசு வீசியது. மூட்டம் கிழிந்து மேலே போயிற்று. இராக்கம்மா பார்த்தாள். பாறையில் சிவப்பு. பாறைக்குப் பக்கத்துப் பாறையில் சிவப்பு. தண்ணீர் கொட்டும் பீலியடியில், கோயில் மேட்டில், வண்டிச் சாலையில் எல்லாம் சிவப்பு. கருங்காட்டுத் தோட்டம் முழுக்கச் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

"அது எங்க அண்ணி!" என்றாள் பக்கத்தில் எக்கி நின்ற கருப்பம்மா.

"போடி, அது எங்க பெரியம்மா மக! நானாகிட்ட சொல்லி வுட்டிருந்தேனே!" என்று இடித்தாள் இன்னொருத்தி.

விஷயம் அப்போதுதான் விளங்கியது. இராக்கம்மாவின் யோசனை ஹுமைத் நானாவுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. கருங்காட்டில், இந்தப் பக்கத்தில் உறவு உள்ள ஒவ்வொரு வீட்டிலும் போய் அதையே சொல்லி, சிவப்புத் துணியும் விற்றுவிட்டு வந்திருக்கிறார். இங்கேயும் நாலு லயத்தில் அதையே சொல்லியிருக்கிறார். பெண்கள் ஜன்னலில் அடைந்துகொண்டு ஆளுக்கொரு சிவப்பைப் பங்கு போட்டார்கள். ஒரே துணிக்கு மூன்று பேர் சண்டை பிடித்தார்கள், பிடித்துக்கொண்டே சிரித்தார்கள். "அம்புட்டு நேரம் எக்காதீங்கக்கா, ஏதாவது ஒண்ண ஒங்க தங்கச்சின்னு வச்சுக்கங்க" என்றாள் கருப்பம்மா.

"வச்சுக்க முடியாதுடி" என்றாள் இராக்கம்மா.

அத்தனை துணியும் இடமும் வலமுமாக ஆடின. ஒன்றுகூடச் சுழலவில்லை. பாறையில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். பூவம்மா இருந்தால் ஆட்ட மாட்டாள், சுற்றுவாள். சுற்றவில்லையென்றால் அவள் அங்கே இல்லை.

"இராக்கு, என்னா புள்ள, சத்தத்தக் காணோம்?" என்றான் ரெங்கசாமி.

மூட்டம் மறுபடி கீழே இறங்கத் தொடங்கியது. உச்சி மறைந்தது. அதோடு சேர்ந்து அவள் கண்ணும் பாறையை விட்டுக் கீழே இறங்கியது. கடைசி லயம். தகரக் கூரை. கூரையின் உச்சியில் யாரோ கால் அகட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்குமேலே சிறியதாக ஒரு சிவப்பு, கிறுகிறுவென்று, வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏறிட்டா!" இராக்கம்மா போட்ட கூச்சலில் மாடி அதிர்ந்தது. "பூவு கூரமேல ஏறிட்டாடி! பரண்ல ஏற அழுதவடி அவ! ஏங்க, ஒங்க மச்சினி கூரமேல நிக்கிறாங்க!"

ரெங்கசாமி தூணோடு சேர்த்துத் தன்னையே கட்டிக்கொண்டு, "ஐயோ, எறங்கச் சொல்லு, எறங்கச் சொல்லு!" என்று அழுதான், சிரித்தான்.

மூட்டம் கருங்காட்டுப் பாறையை மூடியது; லயத்தை நோக்கி இறங்கியது. பதில் காட்ட வேண்டும். சிவப்புத் துண்டோ ரெங்கசாமியின் கண்ணில் இருந்தது. நடுவில் பெண்கள் கூட்டம். அந்தச் சமயம் பார்த்து வைரவநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து, ஜன்னலுக்குக் குனிந்தார். "என்ன சத்தம் இது? வெளியிலை தலை நீட்டப்படாது எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

இராக்கம்மா திரும்பவில்லை. கண் எதிர்மலையிலேயே இருந்தது. வலது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, இரண்டு விரலால் அவர் தலைப்பாகையின் நுனியைப் பதமாகக் கிள்ளி உருவியெடுத்து, ஜன்னலுக்கு வெளியே முழு நீளத்துக்கும் விரித்து, தலைக்குமேல் சுழற்றத் தொடங்கியது.