அக்காவுக்கென்று ஒரு பிரவுசர்

கடைகளுக்கு வரிக்கணக்கு போட்டுத் தருவதுதான் என் அக்காவின் தொழில். வீட்டில் இருப்பதோ ஒரே கம்ப்யூட்டர். சண்டை வேண்டாமென்று ஆளுக்கொரு பிரவுசரைப் பிரித்துக்கொண்டார்கள். அத்தானுக்கு குரோம், மகளுக்கு ஃபயர்ஃபாக்ஸ், மாமியாருக்கு எட்ஜ். அக்காவுக்கு, எது சும்மா இருக்கிறதோ அது.

"உனக்குன்னு ஒண்ணு போட்டுக்கயேன்க்கா" என்று நான்தான் உசுப்பிவிட்டேன். எது வேகம், எது பாதுகாப்பு என்று நாள்கணக்கில் அலசினாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட எங்கள் வீட்டில் யாரும் இவ்வளவு அலசவில்லை.

நேற்று என் எதிரிலேயே ஒன்றை இறக்கினாள். "பழைய பிரவுசர்களில் இருப்பதையெல்லாம் கொண்டுவரட்டுமா?" என்று அது கேட்டது. யார் எதைக் கேட்டாலும் சரி சொல்லியே பழகிய கை, அழுத்திவிட்டது. அத்தானின் கரன்ட் பில், மகளின் வீட்டுப்பாடம், மாமியாரின் மாத்திரைக் கடை எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

"முதல்ல அதையெல்லாம் அழிச்சுத் தொலைக்கா!" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு அத்தான் வந்து எட்டிப் பார்த்தார். "அட, எல்லாம் ஒரே இடத்துல இருக்கே! இனிமே எல்லாருக்கும் இதையே வச்சுக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.