கால்மாட்டில் கட்டிய கயிறு

வயிற்றில் தையலோடு நித்திரை வராமல் கிடந்தேன். நான் பிடித்து எழும்பி உட்காரட்டும் என்று தாதி ஒரு பண்டேஜ் துணியை முறுக்கி, கட்டிலின் கால்மாட்டில் கட்டியிருந்தாள். மாலையில் அதை ஒரே மூச்சாக இழுத்து, வலியில் அலறி மறுபடி படுக்கையில் விழுந்திருந்தேன்.

இரவில் மறுபடி அதைத் தொட்டதும் உள்ளங்கைக்குச் சிறுவயதின் கண்டக்குழிக் கடற்கரை வந்துவிட்டது. கடலில் விரித்த வலையைக் கரைக்கு இழுக்கும், ஈரத் தும்பு சொரசொரக்கும் கரைவலைக் கயிறு அது. வரிசையின் முன்னால் அப்பா நிற்பார். அலை பின்வாங்கும்போது, "இழுக்காதீங்க! விடாமப் பிடிங்க!" என்று கத்துவார். பெரியவர்களோடு நானும் குதிகாலை மணலில் ஊன்றி அசையாமல் நிற்பேன். அலை கரையேறும்போது, புனிதரைக் கூப்பிட்டு, "அந்தோனியாரே, இழு!" என்பார். கடைசியில் நிற்கும் என் கைக்கும் ஒரு சாண் கயிறு வந்து சேரும்.

வலி எழும்பியது; அசையாமல் பிடித்துக்கொண்டேன். அது தணிந்ததும், அந்தோனியாரே என்று இழுத்தேன். மறுபடி பிடித்தேன், மறுபடி இழுத்தேன்.

சத்தம் கேட்டுத் தாதி ஓடி வந்தாள்.

"ஐயோ அன்ரி! ஆர் உங்களைத் தூக்கி இருத்தினது?"

வியர்வை வழிய, கயிறு கையிலிருக்க, நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஒருத்தரும் இல்ல மிஸ். வலை கரைக்கு வந்திட்டுது."