வாசலில் ஒரு பூ டப்பா

இன்று சிதம்பரம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் மல்லிகை வாசம், நாலுவழிச் சாலைக்காக இடித்துவிட்ட குறிஞ்சிப்பாடி ஜெபக்கூடத்தைக் கொண்டுவந்தது. ஓலைக்கூரைச் சூடு, கஞ்சிராச் சத்தம், உள்ளே நுழையுமுன் பெண்கள் தலைப்பூவை எடுத்துப் போடும் பால்பவுடர் டப்பா. சித்தப்பா இறந்த அன்று சித்தியின் தலையிலிருந்து அவள் மாமியார் பிடுங்கிய பூவை, கிறிஸ்துவுக்குள் விடுதலை உண்டென்று அங்கே கேட்ட பிரசங்கத்தை நம்பி, மறுவாரமே அவள் மறுபடி வைத்துக்கொண்டு வந்தாள்.

“பூவ எடுத்துட்டு வாம்மா, ஆண்டவருக்குப் புடிக்காது,” என்றார் பாஸ்டரம்மா.

“எங்க மாமியாரும் பூவ எடுன்னுதாங்க சொன்னாங்க,” என்று சித்தி வாசலோடு திரும்பினாள்.

பூவைப் படைத்தவருக்கே பூ பிடிக்காதாம்! என்ன துணிச்சல்! உள்ளே நாங்கள் விடுதலையைப் பற்றித் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தோம். விடுதலையானவளோ வேதப்புத்தகத்தை அணைத்தபடி, பூவோடு தெருவில் போய்க்கொண்டிருந்தாள்.